ஐந்து லட்சத்தை எங்கே போடுவது? ஊர்ப் பிள்ளைகளைக் கம்பஸுக்கு அனுப்ப நினைக்கும் சங்கங்களுக்கு ஓர் ஒப்பீடு

ஊர்ச் சங்கமொன்றின் கையில் இந்த வருடம் கல்விக்கென்று ஐந்து லட்சம் ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கோயில் நிதியில் கொஞ்சம், கனடாவிலும் சுவிஸிலும் இருக்கும் ஊரவர்கள் அனுப்பியது கொஞ்சம். கூட்டம் கூடுகிறது. "உயர்தரப் பிள்ளையளுக்கு ஒரு பெரிய கருத்தரங்கு வைப்பம்" என்று ஒருவர் சொல்வார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். கிழக்கிலங்கையில் கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி, வவுணதீவு, வாகரை, தெற்கே திருக்கோவில், பொத்துவில் என்று எந்தப் பக்கம் போனாலும் இந்த முடிவைத்தான் அதிகம் காண்கிறேன். அதே காசில் இதைவிடப் பலன் தரும் வேலைகள் இருக்கின்றன. பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் உயர்தர (12, 13ஆம் தர) வகுப்பில் கற்பிப்பவர்களில் ஒருவனாகவும், பெறுபேறு வந்த பிறகு பிள்ளைகளோடு உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்புபவனாகவும் அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு எழுதுகிறேன்.

போட்டி யாரோடு?

அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணம் இல்லை. தட்டுப்பாடு இடத்துக்குத்தான். உயர்தரத்தில் தகுதி பெறும் பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஊடாக இடம் கிடைக்கிறது. மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம், முகாமைத்துவம் போன்ற துறைகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகின்றன. 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்பப் பிரிக்கப்படுகிறது. மிச்சம் 5 வீதம், கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகக் கிடைக்கிறது. மட்டக்களப்பு, அம்பாறை இரண்டும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. கலைத்துறையில் பெரும்பாலான இடங்கள் அகில இலங்கைத் திறமையால் தீர்மானிக்கப்படுகின்றன.

மாவட்ட ஒதுக்கீட்டால் கொழும்போடும் கண்டியோடும் உள்ள நேரடிப் போட்டி குறைகிறது. ஆனால் ஒதுக்கீட்டின் எல்லை மாவட்டத்தோடு முடிகிறது. மட்டக்களப்பு நகரில் பேர்போன பாடசாலையில் படித்து, பின்னேரம் சைக்கிளில் ரியூசனுக்குப் போய்வரும் பிள்ளைக்கும், வாகரையில் இரசாயனவியலுக்கு ஆசிரியர் எப்போது வருவார் என்று காத்திருக்கும் பிள்ளைக்கும் வெட்டுப்புள்ளி, அதாவது இடம் கிடைக்கத் தேவையான ஆகக்குறைந்த புள்ளி, ஒன்றுதான். அம்பாறையிலும் கல்முனை, திருக்கோவில், கோமாரி மூன்றுக்கும் ஒரே கணக்கு. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக்கென்று தனி ஒதுக்கீடு கிடையாது. ஆகவே எந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசினாலும், வாவிக்குக் கிழக்கேயுள்ள எழுவான்கரைப் பிள்ளைக்கும் படுவான்கரைப் பிள்ளைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை அது குறைக்குமா என்றுதான் முதலில் கேட்கவேண்டும்.

கடைசி மாதக் கருத்தரங்கு

மண்டபம், ஒலிபெருக்கி, மதியச் சோற்றுப் பார்சல், பதாகை, வெளி மாவட்டத்திலிருந்து வரும் ஆசிரியருக்கு வாகனமும் தங்குமிடமும். இவற்றிலேயே பெருந்தொகை கரைந்துவிடும். பலன் இல்லை என்று சொல்லமாட்டேன். அனுபவமுள்ள ஒருவர் பொருளியல் கட்டுரை வினாவொன்றைப் பலகையில் பிரித்து, எந்த வரிக்குப் புள்ளி விழும், எந்த வரி வீண் என்று காட்டினால், ஏற்கனவே பாடத்தை முடித்த பிள்ளை அதே கிழமையில் ஒரு படி ஏறும். சீ எடுக்க இருந்தவள் பீ எடுப்பாள். பாடத்துக்கு ஆசிரியரே இல்லாமல் ஒரு வருடத்தைக் கழித்த பிள்ளைக்கு அந்த ஒரு நாள் எதையும் ஈடுசெய்யாது. அவள் குறிப்பெடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள். பிறகு அந்தக் குறிப்பை விளங்கப்படுத்த ஆளிருக்காது.

இசட் புள்ளியையும் இங்கே கவனிக்கவேண்டும். 2001இலிருந்து பல்கலைக்கழக அனுமதி அதை வைத்துத்தான் நடக்கிறது. ஒரு பாடத்தில் பிள்ளை எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்துக்குத் தோற்றிய எல்லோருடைய சராசரியையும் கழித்து, நியம விலகலால் வகுத்து, மூன்று பாடத்துக்கும் சராசரி எடுக்கிறார்கள். நாடு முழுவதும் எல்லாப் பிள்ளைகளும் கருத்தரங்குக்குப் போகும் பருவத்தில் நம் பிள்ளையும் போனால், கொஞ்சம் அறிவு கூடும், இடம் மாறாது. மற்றவர்களிடம் இருப்பதும் தன்னிடம் இல்லாததுமான ஒன்று கிடைத்தால்தான் இசட் புள்ளி அசையும்.

கருத்தரங்கைக் கைவிட மனமில்லாத சங்கங்கள் அதன் வடிவத்தை மாற்றலாம். மேடைப்பேச்சை விட்டுவிட்டு மாதிரிப் பரீட்சை வையுங்கள். விடைத்தாளை வெளியாசிரியரிடம் கொடுத்துத் திருத்தி, ஓரத்தில் குறிப்பு எழுதவைத்து, பிள்ளையின் கையில் திருப்பிக் கொடுங்கள். பதாகைக்குப் போகும் காசைத் திருத்துபவருக்குக் கொடுத்தால் போதும். தன் எழுத்துக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் "வரைபடம் எங்கே?" என்று எழுதியிருப்பதைப் பார்க்கும் பிள்ளை அதை மறக்காது.

தரம் 9இலிருந்து தொடங்கும் வகுப்பு

பிள்ளைகள் எந்த இடத்தில் விழுகிறார்கள் என்று பாடசாலைப் பதிவேட்டைப் பார்த்தால், பெரும்பாலான வீழ்ச்சி உயர்தரத்துக்கு முன்பே நடந்துவிடுகிறது. உயர்தரம் படிக்க, பதினொராம் தர முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடச் சித்தி வேண்டும், அதில் மூன்று சீ இருக்கவேண்டும் என்பது பொதுவிதி. நம் கிராமங்களில் கதவை அடைப்பது பெரும்பாலும் கணிதம். கணிதம் சுமாராகச் சித்தியெய்திய பிள்ளையும் கணிதப் பிரிவையோ விஞ்ஞானப் பிரிவையோ எண்ணிப் பார்க்காது, கலைப்பிரிவில் கூட்டம் எங்கே போகிறதோ அங்கே போய் உட்காரும்.

பதினொராம் தரத்துப் பிள்ளையின் கணிதக் கொப்பியை எடுத்துப் பாருங்கள். இருபடிச் சமன்பாட்டுக்குச் சூத்திரம் சரியாக எழுதியிருப்பாள். அடுத்த வரியில் மறை நான்கின் வர்க்கத்துக்கு மறை பதினாறு என்று போட்டிருப்பாள். ஏழாம் தரத்தில் விட்ட இடம் அது. இப்படியான ஓட்டைகளைப் பரீட்சைக்கு முந்தைய மாதத்தில் அடைக்க முடியாது, பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் உள்ள சின்ன வகுப்பில், கிழமைக்கு இரண்டு நாள், இரண்டு மூன்று வருடம் தொடர்ந்து இருந்தால் முடியும்.

கற்பிக்க ஆள் இருக்கிறது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம், வேலைக்குக் காத்திருக்கும் பட்டதாரிகள். ஊரிலிருந்து கம்பஸுக்குப் போன அண்ணாவோ அக்காவோ வந்து படிப்பித்தால் இரண்டு வேலை ஒன்றாக நடக்கும். கணிதம் விளங்கும், "இவவும் எங்கட ரோட்டால போன ஆள்தானே" என்ற நம்பிக்கையும் வரும். ஆனால் அவர்களைச் சும்மா வரச் சொல்லாதீர்கள். தொண்டாகத் தொடங்கிய வகுப்புகள் மாணவரின் சொந்த செமஸ்டர் பரீட்சை வந்ததும் நின்றுவிடுகின்றன. ஒரு வகுப்புக்கு 2,000 ரூபாய் என்று வைத்தால், மாதம் எட்டு வகுப்புக்கு 16,000, பத்து மாதத்துக்கு 160,000. அதோடு ஒருவர் வரமுடியாதபோது நிற்க இன்னொருவரும், பிள்ளைகளின் வரவைப் பார்க்கப் பொறுப்பான ஓர் ஆளும் வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற வாத்தியாராகவோ ஒரு தாயாகவோ இருக்கிறார். ஆளில்லாமல் பணம் மட்டும் இருந்தால் இந்தத் திட்டத்தைத் தொடங்கவே வேண்டாம்.

நேரமும் முக்கியம். படுவான்கரையில் பல வழிகளில் பொழுதுபட்டால் யானை நடமாட்டம். ஆகவே இரவு வகுப்பு சரிவராது, சனி ஞாயிறு காலைதான். வெட்டுக் காலத்தில் பிள்ளைகள் வயலுக்குப் போவார்கள், அந்தக் கிழமைகளில் வகுப்பைத் தள்ளிவையுங்கள், வரவில்லை என்று பெயரை வெட்டாதீர்கள்.

அமெரிக்காவில் இதே எண்ணத்தோடு 1965இல் தொடங்கிய அரச திட்டம் ஒன்று இருக்கிறது, பெயர் அப்வர்ட் பவுண்ட். வறிய குடும்பத்துப் பிள்ளைகளை உயர்நிலைப் பள்ளிக் காலத்திலேயே சேர்த்து, வருடம் முழுக்கப் பாடம் சொல்லி, கோடை விடுமுறையில் பல்கலைக்கழக வளாகத்தில் தங்கவைத்துப் படிப்பிப்பார்கள். அதை நீண்டகாலம் பின்தொடர்ந்த ஆய்வொன்று 2009இல் முடிந்தது. எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துப் பார்த்தபோது உயர்கல்வியில் சேரும் வீதத்தில் தெளிவான மாற்றம் தெரியவில்லை. பட்டம் எடுப்போம் என்ற எண்ணமே இல்லாமல் வந்த பிள்ளைகளிடம்தான் பலன் தெரிந்தது. நமக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. நாம் வழக்கமாகக் கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து உதவுகிறோம். அவர்கள் எப்படியும் முண்டியடித்துப் போவார்கள். வகுப்பின் நடுவரிசையில், யாரும் "நீ கம்பஸுக்குப் போவாய்" என்று சொல்லியிராத பிள்ளைக்கு இடம் கொடுத்தால் அதே காசு கூடுதலாக வேலை செய்யும்.

சாதாரண தரப் பரீட்சைக்கும் பெறுபேறுக்கும் இடையிலுள்ள மாதங்களையும் இந்த வகுப்போடு சேர்த்துக்கொள்ளுங்கள். பையன்கள் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போவதும், பெண்பிள்ளைகள் ஆடைத் தொழிற்சாலைக்குப் போவதும் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான். போனவர்கள் எல்லோரும் திரும்புவதில்லை. அந்தக் காலத்தில் ஆங்கிலமும் கணினியும் படிப்பித்தால் பிள்ளை ஊரில் நிற்கும். மருத்துவம், பொறியியல், விஞ்ஞானப் பீடங்களில் படிப்பு ஆங்கிலத்தில்தான் நடக்கிறது என்பதால் அது பின்னாலும் கைகொடுக்கும்.

போடிங் காசு

நகரத்தில் தங்கிப் படிக்கப் போடிங் (தங்குமிட) காசு கொடுப்பது: ஒரு பிள்ளைக்குச் செய்யக்கூடிய மிக நேரடியான உதவி இதுதான், மிகச் செலவானதும் இதுதான். படுவான்கரையின் பல பாடசாலைகளில் உயர்தரம் என்றால் கலை, சில இடத்தில் வர்த்தகம். உயிரியலோ இணைந்த கணிதமோ படிக்க விரும்பும் பிள்ளை நகரத்துக்கோ களுவாஞ்சிகுடிப் பக்கமோ வரவேண்டும். 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபின் கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக்குப் போக்குவரத்து எவ்வளவோ இலகுவாகிவிட்டது. மண்முனைத் துறையில் பாதை (மிதவை) ஏறி வாவியைக் கடந்த தலைமுறைகளுக்குத்தான் அந்த மாற்றத்தின் அருமை தெரியும். ஆனாலும் பின்னேர ரியூசன் முடிந்து ஊருக்குத் திரும்பக் கடைசி பஸ் இருக்குமா என்பது இன்றும் ஒவ்வொரு வீட்டிலும் கேள்விதான். கார்த்திகை மார்கழி வெள்ளத்தில் வழி மூடினால் அந்தக் கேள்விக்கும் இடமில்லை. 2024 நவம்பரில் வெள்ளத்தால் உயர்தரப் பரீட்சையையே சில நாள் நிறுத்திவைத்தார்கள்.

விடுதியில் வைத்துப் படிப்பிப்பது இந்த மண்ணுக்குப் பழைய வழக்கம். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1929இல் மட்டக்களப்பில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கியவர். இலவசக் கல்வியோடு எழுந்த மத்திய கல்லூரிகள் கிராமத்துப் பிள்ளைகளுக்கு விடுதியும் புலமைப்பரிசிலும் கொடுத்தன. அப்படி எழுந்த வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயத்தின் வளவில்தான் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரி ஆரம்பித்து, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமானது.

கணக்குக்கு வருவோம். சாப்பாட்டோடு போடிங்குக்கு மாதம் 15,000 ரூபாய் என்று குறைத்து வைத்தாலும் இரண்டு வருடத்துக்கு 360,000. ஐந்து லட்சத்தில் ஒரு பிள்ளை, அதற்கு மேல் கொஞ்சம். சங்கத்திடம் இருப்பது ஒரு வருடக் காசு என்றால் இதைத் தொடவேண்டாம். பன்னிரண்டாம் தரத்தில் கூட்டிவந்து பதின்மூன்றாம் தரத்தில் காசு நின்றுபோனால், பிள்ளை ஊர்ப் பாடசாலையில் கலைப்பிரிவு படித்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய வாய்ப்பையும் இழந்து நிற்கும். இரண்டு வருடக் காசு வங்கியில் வைப்பாக இருந்தால்தான் பிள்ளையைப் பார்த்து வாக்குக் கொடுக்கவேண்டும். அது முடியாத சங்கங்கள் பருவச்சீட்டுக்கும், பஸ் தரிப்பிலிருந்து வீட்டுக்கு வர ஆட்டோவுக்கும் காசு கொடுக்கலாம். பெண்பிள்ளைகள் விஞ்ஞானப் பிரிவை விட்டு விலகுவதற்குப் பல வீடுகளில் காரணம் அந்த வயற்பாதையில் நடந்து வரும் கடைசி ஒரு மைல்தான்.

போடிங்கைப் பற்றி யோசிக்கும் தென்மட்டக்களப்புப் பெற்றோர் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளவேண்டும். பெரியநீலாவணைக்கு வந்தாலே மாவட்டம் மாறிவிடும். பல்கலைக்கழக அனுமதியில் எந்த மாவட்டத்துப் பிள்ளை என்று தீர்மானிக்கும்போது படித்த பாடசாலைகளையும் கணக்கிலெடுக்கிறார்கள். கல்முனைப் பாடசாலைக்கு மாறுமுன் அந்த வருட அனுமதிக் கைநூலில் விதியைப் படித்துவிட்டு மாறுங்கள்.

சுற்றுலாவும் சூமும்

ஒரு பஸ் பிடித்துப் பத்தாம் தரத்துப் பிள்ளைகளை வந்தாறுமூலைக்கோ ஒலுவிலுக்கோ கூட்டிப்போவது நல்லதுதான். நூலகத்தையும் ஆய்வுகூடத்தையும் கண்ணால் பார்த்த பிள்ளை வேறுமாதிரிப் பேசும். செலவும் பெரிதில்லை. தனியாக அது ஒரு திட்டமாகாது, தரம் 9 வகுப்போடு வருடத்துக்கு ஒருமுறை சேர்த்துக்கொள்ளலாம். சூம் வகுப்பு ஆசிரியரில்லாத பாடத்துக்கு உதவும். ஆனால் வீட்டில் ஒரு போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும் என்றால் பலனில்லை. பல்தேவைக் கட்டடத்தில் ஒரு பெரிய திரையும் இணைய இணைப்பும் வைத்து எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக இருந்து பார்த்தால், பக்கத்தில் ஒருவர் இருந்து கேள்வி கேட்கவைத்தால், அது வேலைசெய்யும்.

பெறுபேறு வந்த பிறகு

யாரும் காசு போடாத இடம் இது. காசு மிகக் குறைவாகத் தேவைப்படும் இடமும் இதுதான்.

உயர்தரப் பெறுபேறு வந்தபின் கைநூல் வெளிவரும், இணையத்தில் விண்ணப்பிக்கச் சில கிழமைகள் இருக்கும். கைநூல் தடித்த புத்தகம். அதில் ஒவ்வொரு கற்கைநெறிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனிக் குறியீடு. பிள்ளை விருப்ப ஒழுங்கில் அவற்றை எழுதவேண்டும். நகரத்தில் படித்த ஆசிரியப் பெற்றோரின் பிள்ளைக்கு வீட்டிலேயே இதைச் சொல்லிக்கொடுப்பார்கள். நம் ஊரில் சந்தியிலுள்ள கொமினிகேசன் கடையில் தம்பி ஒருவர் அவசரமாகத் தட்டிக் கொடுப்பார், அவருடைய மின்னஞ்சலிலேயே பதிவும் நடக்கும். பிறகு வரும் செய்தி யாருக்குப் போகும்?

வர்த்தகப் பிரிவில் படித்த ஒரு பிள்ளை தாயோடு வந்திருந்தாள். கொப்பித்தாளில் தெரிவுகளை எழுதிக்கொண்டு வந்திருந்தாள், மூன்றே வரி. மூன்றும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகத்துக் கற்கைநெறிகள். திருகோணமலை வளாகமும் அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்ததுதான் என்று அவளுக்குத் தெரியாது. ஒலுவிலைப் பற்றி எண்ணவே இல்லை, களுவாஞ்சிகுடியில் பஸ் ஏறினால் போய்விடக்கூடிய இடம். யாழ்ப்பாணம், வவுனியா, ரஜரட்டை எதுவும் இல்லை. "தூரத்துக்கு எப்படி சேர் அனுப்புற, கிடைச்சா மறுகா பாப்பம்" என்றார் தாய். பட்டியலில் எழுதாத இடம் மறுகா கிடைக்காது என்று சொல்லிப் புரியவைக்க ஒரு பின்னேரம் போனது. அவர்களிடம் இருந்த பயத்துக்குக் காரணமும் இருந்தது. அதைக் கேட்டுக்கொண்டு பேசினால்தான் பட்டியல் நீளும்.

இன்னொரு தவறான எண்ணம் ஊரூராகப் பரவியிருக்கிறது: வெட்டுப்புள்ளி கூடிய கற்கைநெறியை முதலாவதாகப் போட்டால் கீழே உள்ளதும் தவறிவிடும் என்று. அப்படி நடக்காது. பிள்ளை எழுதிய ஒழுங்கில் மேலிருந்து கீழாகப் பார்த்து, இசட் புள்ளி எட்டும் முதலாவது தெரிவைத்தான் கொடுக்கிறார்கள். மிக விரும்பியதை முதலில், பிறகு அடுத்ததை, கடைசியில் நிச்சயம் கிடைக்கும் என்று நினைப்பதை எழுதவேண்டும். பயத்தில் தலைகீழாக எழுதினால், மேலே கிடைத்திருக்கவேண்டிய இடத்தைப் பிள்ளை தானே விட்டுக்கொடுத்ததாகிவிடும்.

உளச்சார்புப் பரீட்சை கேட்கும் கற்கைநெறிகளும் உண்டு. கட்டடக்கலை அப்படி, கல்லடி சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நடனம், இசை போன்றவையும் அப்படி. அவற்றுக்குப் பல்கலைக்கழகங்கள் தனியாக விண்ணப்பம் கோரும். பாடசாலையில் பரதம் ஆடிப் பரிசு வாங்கிய பிள்ளை அந்தத் திகதியைத் தவறவிடுவதைப் பார்த்தால் மனம் பொறுக்காது.

விண்ணப்பத்துக்குக் கைகொடுப்பது எவ்வளவு மாற்றத்தைத் தரும் என்பதற்கு நல்ல சான்று அமெரிக்காவில் இருக்கிறது. 2008இல் ஒஹாயோ, வட கரோலினா மாநிலங்களில், வருமான வரிப் படிவம் நிரப்ப வந்த குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அதே மேசையில் வைத்துக் கல்வி நிதியுதவி விண்ணப்பத்தையும் நிரப்பிக் கொடுத்தார்கள். அடுத்த மூன்று வருடத்தில், கல்லூரியில் இரண்டு வருடம் தொடர்ந்து படித்த பிள்ளைகளின் வீதம் 28இலிருந்து 36ஆக உயர்ந்தது. இன்னொரு பகுதிக் குடும்பங்களுக்குத் தகவல் மட்டும் கொடுத்து அனுப்பினார்கள், அவர்களிடம் மாற்றம் இல்லை. அங்கே பிரச்சினை பணம், இங்கே பிரச்சினை இடம், இரண்டும் ஒன்றல்ல. ஆனால் துண்டுப்பிரசுரம் அச்சடித்துக் கொடுப்பதோடு கடமை முடிந்தது என்று நினைக்கும் சங்கங்கள் இதைக் கவனிக்கவேண்டும். உட்கார்ந்து நிரப்பிக் கொடுக்கவேண்டும்.

தேவையானது ஒரு மேசை, மடிக்கணினி, அச்சுப்பொறி, இணையம், கைநூலை வரிவரியாகப் படித்த இரண்டு பேர். பிள்ளைக்குச் சொந்த மின்னஞ்சல் திறந்து, கடவுச்சொல்லைக் கொப்பியில் எழுதிக் கொடுங்கள். கடந்த வருட வெட்டுப்புள்ளிகளை மாவட்டவாரியாக எடுத்து வையுங்கள். அதே மேசையில் மற்ற வழிகளையும் சொல்லுங்கள்: தாழங்குடாவிலும் அட்டாளைச்சேனையிலும் தேசிய கல்வியியற் கல்லூரிகள், அம்பாறையில் ஹார்டி உயர் தொழில்நுட்ப நிறுவகம், மட்டக்களப்பில் பிராந்திய நிலையம் வைத்திருக்கும் திறந்த பல்கலைக்கழகம். இவற்றுக்கெல்லாம் தனித்தனி விண்ணப்பம், தனித்தனி முடிவுத் திகதி.

இரண்டாம் முறை எழுத இருக்கும் பிள்ளைகளை மறக்கவேண்டாம். உயர்தரத்துக்கு மூன்று தடவை தோற்றலாம். நகரத்தில் முதல் முறை புள்ளி குறைந்தால் "அடுத்த முறை எடுப்பான்" என்று வீடு பேசும், இரண்டாம் முறை எழுதி மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் போனவர்கள் ஏராளம். கிராமத்தில் முதல் பெறுபேறோடு கணக்கு முடிந்துவிடுகிறது. அந்தப் பிள்ளை இப்போது எந்தப் பாடசாலையின் பதிவேட்டிலும் இல்லை, யாரும் கூப்பிட்டு விசாரிப்பதில்லை. வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சத்தில் தவறியவர்களின் பெயரை அந்த மேசையிலேயே எழுதி, ரியூசன் காசையும் பஸ் காசையும் ஒரு வருடத்துக்குக் கொடுத்தால், ஐந்து லட்சத்தில் இதைவிட உறுதியான முதலீடு எனக்குத் தெரியவில்லை.

இடம் கிடைத்த பிறகும் ஒரு பள்ளம் இருக்கிறது. தெரிவுக்கும் வகுப்புத் தொடக்கத்துக்கும் இடையில் பல மாதங்கள் ஓடும். பதிவுக்கட்டணம் பெரிதில்லை, ஆனால் முதல் மாதத்தில் தங்குமிட முற்பணம், பஸ் காசு, உடுப்பு, சாப்பாடு எல்லாம் சேரும். பல்கலைக்கழக மாணவருக்கென்று 1981இல் அரசு தொடங்கிய மஹாபொல புலமைப்பரிசில் இருக்கிறது, 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அதை மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆகக் கூட்டினார்கள். ஆனால் முதல் தவணை கைக்கு வர மாதங்கள் செல்லும். அந்த இடைவெளிக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்து, மஹாபொல வந்தபின் தவணையாகத் திரும்ப வாங்கும் சுழல்நிதி இருந்தால் போதும். அதே ஊரிலிருந்து ஏற்கனவே அங்கே படிக்கும் ஒருவரைப் பிள்ளையோடு தொடர்புபடுத்தி விடுங்கள். பகிடிவதைக்கு எதிராக 1998இலிருந்தே சட்டம் இருக்கிறது. ஆனாலும் தாய் தகப்பனுக்குச் சட்டத்தைவிட, தெரிந்த முகம் ஒன்று அங்கே இருக்கிறது என்பதுதான் ஆறுதல்.

எப்படிப் பிரிப்பேன்

என்னிடம் கேட்டால்: விண்ணப்ப மேசைக்கு 30,000. தரம் 9 முதல் 11 வரையான கணித வகுப்புக்கும் இடைவெளி மாதங்களின் ஆங்கில வகுப்புக்கும் 200,000. இரண்டாம் முறை எழுதுவோருக்கும், நகரத்துக்கு விஞ்ஞானம் படிக்கப் போகும் பெண்பிள்ளைகளின் பயணத்துக்கும் 140,000. கம்பஸ் கிடைத்தவர்களுக்கான சுழல்நிதிக்கு 80,000. மாதிரிப் பரீட்சைத் தாள் திருத்துவதற்கு 50,000. போடிங்குக்கு இதில் இடமில்லை. வெளிநாட்டிலிருக்கும் ஒரு குடும்பம் குறித்த ஒரு பிள்ளையை இரண்டு வருடத்துக்கு முழுமையாக ஏற்றுக்கொண்டால் அதைத் தனிக் கணக்கில் நடத்தலாம்.

ஊரின் நிலைமை வேறாக இருந்தால் பிரிப்பும் மாறும். நகரத்தை ஒட்டிய ஊரில், கல்லடியிலோ ஆரையம்பதியிலோ, போக்குவரத்துக் காசு தேவையில்லை, அதை இரண்டாம் முறை எழுதுவோருக்குக் கூட்டிக் கொடுங்கள். கோமாரி போன்ற தூரத்து ஊரில் வகுப்புக்கு ஆசிரியரை வரவழைக்கும் பயணச் செலவே பெரிதாகும், அங்கே சூமும் பெரிய திரையும் முன்னுக்கு வரும். கற்பிக்கப் பொறுப்பெடுக்க ஆளே இல்லாத ஊரில், முதல் வருடம் விண்ணப்ப மேசையையும் சுழல்நிதியையும் மட்டும் செய்து, மிச்சத்தை வங்கியில் விட்டுவையுங்கள். அந்த மேசைக்கு வந்துபோகும் பிள்ளைகளில் ஒருவர் அடுத்த வருடம் கணிதம் படிப்பிக்க வருவார். மேசையில் உட்காரப்போகும் இரண்டு பேரின் பெயரை அடுத்த கூட்டத்திலேயே அறிக்கைப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள். பெறுபேறு வந்தபின் ஆள் தேடினால் விண்ணப்ப நாட்களில் பாதி போய்விடும்.